பறிமுதல் வடை

எங்கள் யூனியன் ஆபீசில் வடையை ஒழித்தவன் நான்தான். இதை நானே சொல்லிக்கொள்ளாவிட்டால் வேறு யாரும் சொல்லமாட்டார்கள். ஒழித்தேன் என்றால் சும்மா உத்தரவு போட்டு ஒழிக்கவில்லை. ஒவ்வொன்றாக, என் சொந்த வாயால் ஒழித்தேன்.

எண்பத்து மூன்றாம் வருஷம். ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில், கண்டக்டருக்கு மனசிருந்தால் மட்டும் பஸ் நிற்கிற ஊர் எங்களுடையது. அங்கே நான் தலைமைக் குமாஸ்தா. பெயர் நாச்சிமுத்து. நான் உட்கார்ந்தால் நாற்காலி முனகும். எழுந்தால் பெருமூச்சு விடும். அப்படி ஓர் உடம்பு.

அந்த வருஷம் தை மாதக் கடைசியில் எங்களுக்கு மேலதிகாரியாக அருணகிரி என்று புது பி.டி.ஓ. வந்தார். ஆள் குடைக்கம்பி. வெயிலில் நடந்து வந்தால் நிழல் விழாது. விழுந்தாலும் கொடிக்கம்பத்தின் நிழல் என்று நினைத்துக்கொள்வோம். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்து, முளைகட்டின பச்சைப்பயறை ஒவ்வொன்றாக எடுத்து, ஒவ்வொன்றையும் விசாரணை பண்ணி மென்று தின்பார்.

வந்த வாரமே ஒரு விதவைப் பென்ஷன் மனு அவர் மேஜைக்குப் போனது. மனுவின் நடுவே போண்டா அகலத்துக்கு ஓர் எண்ணெய் வட்டம். வட்டத்துக்குள் அந்த அம்மாளின் கைநாட்டு. எது கைநாட்டு, எது போண்டா என்று பிரிக்க முடியவில்லை. மனுஷர் எங்கள் எல்லாரையும் கூப்பிட்டு நிற்கவைத்தார். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ச் சத்தாகச் சாப்பிடுங்கள் என்று பிள்ளைகளுக்குப் புத்தி சொல்கிறோம், நம் ஆபீசுக்குள் நுழைந்தால் எண்ணெய்ச்சட்டி வாடை தூக்குகிறது, அரசாங்கக் கட்டடம் என்றால் ஊருக்கு முன்மாதிரியாக இருக்க வேண்டாமா என்றார். அன்றிலிருந்து காம்பவுண்டுக்குள் வடை, பஜ்ஜி, போண்டா, முறுக்கு, மிக்சர் என்று எண்ணெயில் குளித்த எதுவும் வரக்கூடாது. கண்காணிக்கிற பொறுப்பு தலைமைக் குமாஸ்தாவுக்கு என்று எழுத்திலும் உத்தரவு வந்தது.

ஏன் எனக்கு என்று பணிவாகக் கேட்டேன்.

"உங்களைப் பார்த்தாலே ஜனங்களுக்கு ஓர் எச்சரிக்கையா இருக்கும், நாச்சிமுத்து" என்றார்.

இது பாராட்டா, வேறு ஏதாவதா என்று எனக்குச் சந்தேகம். சந்தேகம் என் கூடப் பிறந்தது. பால்காரர் தண்ணீர் ஊற்றினால் கவலைப்படமாட்டேன். ஊற்றாத அன்றைக்குத்தான் இந்த ஆள் எதற்கு அடிபோடுகிறார் என்று யோசிப்பேன். ஆபீசில் யாராவது சிரித்து வணக்கம் வைத்தால், அவர் மேஜை இழுப்பறையை ஒருதரம் திறந்து பார்த்துவிட்டுத்தான் பதில் வணக்கம். இவ்வளவு சந்தேகப்பட்ட மனுஷன், சந்தேகப்பட வேண்டிய ஒரே இடத்தில் மட்டும் கோட்டை விட்டேன். காரணம் உண்டு. அப்போது என் கால் இரண்டும் அடமானத்தில் இருந்தன.

அதையும் சொல்லிவிடுகிறேன். பொங்கல் கழிந்து ஒருநாள் எனக்குத் தலை சுற்றியது. சௌந்திரம் என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். சௌந்திரம் என் சம்சாரம். அங்கே டாக்டரம்மா என் கையில் பட்டையைக் கட்டி, பம்பை அமுக்கி, பாதரசத்தைப் பார்த்து, என்னைப் பார்த்து, நம்பிக்கை வராமல் மறுபடி பாதரசத்தைப் பார்த்தார். பிரசர். எடையை இறக்க வேண்டும், எண்ணெயை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் ரிடையர்மெண்டை மேலே போய்த்தான் வாங்கிக்கொள்ள வேண்டும் என்றார்.

வெளியே வந்த சௌந்திரம் நேரே மாரியம்மன் கோயிலுக்குப் போனாள். கண்ணை மூடி உதட்டை அசைத்தாள். என் நெற்றியில் திருநீறு பூசினாள். நானும் பயபக்தியோடு நின்றேன். வீட்டுக்கு வந்து தண்ணீர் குடிக்கும்போதுதான் என்ன வேண்டிக்கொண்டாய் என்று கேட்டேன். எனக்குப் பிரசர் இறங்கினால் இந்த வருஷம் பங்குனி நோம்பிக்குப் பூ மிதிப்பதாக வேண்டுதலாம். புருஷனுக்காக நெருப்பில் நடக்கத் துணிந்தவளை இத்தனை நாளும் சந்தேகப்பட்டேனே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"அடுத்த வருசம் நானும் உனக்கு ஏதாச்சும் வேண்டிக்கறேன் புள்ள" என்றேன்.

"நான் எங்கீங்க மாமா மிதிக்கறேன்? நீங்கதான் மிதிக்கறீங்க."

"வேண்டிக்கிட்டது நீயி."

"பிரசரு யாருதுங்க?"

"என்னுது."

"பிரசரு உங்களுது, காலு மட்டும் என்னுதுங்களா?"

பூ என்றதும் வெளியூர்க்காரர்கள் சாமந்தியை நினைத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் பக்கத்தில் நோம்பி என்றால் திருவிழா. திருவிழாவில் கோயிலுக்கு முன்னால் நீளமாகக் குண்டம் வெட்டி, வண்டி வண்டியாக விறகைக் கொட்டி எரித்து, தணலைப் பரப்பி, அதற்குப் பூ என்று பேர் வைத்துவிடுவார்கள். பேர் வைத்தவர் கட்டாயம் செருப்புப் போட்டிருப்பார். என் பாதமோ, மாசி வெயிலில் சிமெண்டுத் தரையிலேயே செருப்பைத் தேடுகிற பாதம்.

அன்றைக்கே நான் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். பிரசர் இறங்கினால் நான் குண்டத்தில் இறங்க வேண்டும். நான் இறங்காமல் இருக்க வேண்டுமானால் பிரசரும் இறங்காமல் இருக்க வேண்டும். பிரசரை மேலே பிடித்து நிறுத்த எனக்குத் தெரிந்த ஒரே மருந்து வடை. உயிருக்கு ஆபத்தில்லையா என்று கேட்பீர்கள். உயிர் எப்போதோ போவது. பாதம் பங்குனியிலேயே போய்விடும்.

ஆனால் வீட்டில் அந்த மருந்துக்கு வழியில்லை. கடலை எண்ணெய்த் தூக்கு, டிரங்குப் பெட்டிக்குள் ராசிபுரம் பட்டுச்சேலைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. சாவி சௌந்திரத்தின் இடுப்பில். எனக்குக் காலையில் கொள்ளு ரசம், மத்தியானம் கொள்ளுப் பருப்பு, சாயங்காலம் வேகவைத்த கொள்ளு. கனைப்பு ஒன்றுதான் பாக்கி. இந்தக் குதிரைத் தீனியை எனக்குப் போடாதே என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவேன். என் ஒரே நம்பிக்கை ஆபீஸ் வாசலில் புளியமரத்தடியில் வடை சுடுகிற உண்ணாமலை. நாலு மணி டீயோடு அவள் வடை என் மேஜைக்கு வந்துகொண்டிருந்தது. அதிலேதான் அருணகிரி மண்ணைப் போட்டார். போதாதென்று அந்த மண்ணுக்கு என்னையே காவல் போட்டார்.

முதல் நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டாம் நாள் உத்தரவை இன்னொருதரம் படித்தேன். மூளைக்குள் விளக்கு எரிந்தது. பலகாரத்தைப் பறிமுதல் செய்ய வேண்டும் என்று போட்டிருந்தது. பறிமுதல் செய்ததை என்ன செய்வது என்று ஒரு வார்த்தை இல்லை.

காவலை இறுக்கினேன். அதற்கு ஒரு சோதனையும் கண்டுபிடித்தேன். டைப் அடிக்கிற மெல்லிய தாளை எடுத்துக்கொண்டு நாலே காலுக்கு வாசலில் நிற்பேன். ஒவ்வொருவரும் விரலைத் தாளில் ஒற்ற வேண்டும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், எண்ணெய் பட்ட இடம் கண்ணாடி மாதிரி தெரியும். கணக்கர் ராசப்பன் இது வியர்வை என்று வாதாடினார். கொஞ்சம் பொறுங்கள் என்று தாளை வெயிலில் காட்டினேன். ஈரமாக இருந்தால் காய்ந்து மறைந்துவிடும், எண்ணெய் எந்த வெயிலுக்கும் காயாது என்று எல்லாருக்கும் கேட்கும்படி விளக்கினேன். கறை அப்படியே நின்றது. ராசப்பனின் இழுப்பறையிலிருந்த பஜ்ஜிப் பொட்டலம் என் வசம் வந்தது. ரிக்கார்டு ரூமில், கட்டுக்கட்டாகக் கிடக்கிற பழைய காகிதங்களுக்கு நடுவே, சட்டப்படி அதை ஒழித்தேன்.

இந்தச் சோதனையைப் பற்றி வீட்டிலும் பெருமை அடித்துக்கொண்டேன். சௌந்திரம் கைவேலையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டாள். தாள் எப்படி இருக்கும், வெயிலில் எவ்வளவு நேரம் காட்ட வேண்டும் என்று மட்டும் கேட்டாள். அறிவை மதிக்கிற பெண்பிள்ளை என்று நினைத்தேன்.

கொஞ்ச நாள் நல்ல அறுவடை. அப்புறம் வந்தது வறட்சி. ஆபீஸ் ஆட்கள் திருந்திவிட்டார்கள். ராசப்பன் கொய்யாக்காய் கடிக்கிறார். டைப்பிஸ்ட் நெல்லிக்காய் கொண்டுவருகிறார். அருணகிரி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஆபீசே ஆரோக்கியமாகிவிட்டது. நான்தான் பட்டினி. உண்ணாமலையிடம் நானே போய் வாங்கலாம் என்றால், ஊரே பார்க்கும். அதோடு வியாபாரத்தைக் கெடுத்த ஆள் என்று அவள் என்னைப் பார்க்கிற பார்வையில் ஓர் ஈடு வடை வெந்துவிடும்.

அப்படி நான் தவித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் காளியப்பன் அகப்பட்டான்.

காளியப்பன் எங்கள் ஆபீஸ் சேவகன். என்னைவிட மூத்தவன். ஆபீசில் முதன்முதலில் வடையைப் பறிகொடுத்தவனும் அவனே. மற்றவர்கள் திருந்தின பிறகும் அவன் திருந்தவில்லை. தினமும் நாலு மணிக்கு ஒரு பொட்டலத்தோடு அகப்படுவான். ஒளித்துவைக்கவும் தெரியாது. என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்று காகிதத்தைச் சரசரவென்று கசக்குவான். நான் நிமிர்ந்து பார்த்தால் திருதிருவென்று விழிப்பான். காகிதம் முழுக்க எண்ணெய், பிழிந்தால் விளக்கேற்றலாம். உள்ளே வடை. கொஞ்சம் கருத்த வடை. மேலே மொறுமொறு, உள்ளே முருங்கைக்கீரை, வெங்காயம், சோம்பு, வரமிளகாய்.

எனக்குச் சந்தேகம் வராமல் இல்லை. இவ்வளவு சுலபமாக ஒருத்தன் ஏன் அகப்பட வேண்டும்? அருணகிரி வைத்த பொறியாக இருக்குமோ என்று, முதல் பொட்டலத்தோடு அவர் அறை வாசலில் காதைவைத்து நின்றேன். உள்ளே பச்சைப்பயறு மெல்லுகிற சத்தம்தான் கேட்டது. பேதி மருந்து கலந்திருப்பானோ என்று ஒரு வடையைக் காக்காய்க்குப் போட்டுவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். காக்காய் தின்றது. பறக்காமல் அங்கேயே உட்கார்ந்து என்னைப் பார்த்தது. செத்துக்கொண்டிருக்கிறதோ என்று கிட்டப் போனேன். இன்னொரு வடைக்குக் காத்திருந்தது. அதற்குப்பிறகு நானும் காக்காயும் பங்காளிகள். ரிக்கார்டு ரூம் ஜன்னலில் நாலு மணிக்கு டாணென்று வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை வராது. நம்பினால் நம்புங்கள்.

வீட்டிலும் ஒரு மாறுதல். சௌந்திரம் எனக்குக் கொள்ளு போடுவதை நிறுத்திவிட்டாள். கொஞ்சம் களி, கொஞ்சம் மோர், ஒரு கீரை. ஏன் நிறுத்தினாய் என்று கேட்டேன். நீங்கள்தான் வேண்டாம் என்கிறீர்களே என்றாள். நான் சொன்னதை அவள் கேட்டது கல்யாணம் ஆன நாளிலிருந்து அதுதான் முதல்தடவை. எனக்குப் பயமாகிவிட்டது. அதுவுமல்லாமல், கொள்ளு என் தட்டில் இல்லையே தவிர, காலையில் எழுந்தால் வீடு முழுக்க அதன் வாசம்தான்.

"ஏம் புள்ள, கொள்ளு வேகற வாசம் அடிக்குதே?"

"எருமைக்குங்க மாமா."

"எருமைக்குப் புண்ணாக்குத்தானே வெப்பே?"

"இந்த எருமை புண்ணாக்குத் திங்க மாட்டேங்குதுங்க. கொழுத்துப்போய்க் கெடக்குது. எளைக்க வெக்கோணும்."

எங்கள் எருமை அப்போது எலும்பும் தோலுமாக இருந்தது. ஆனால் மாட்டு விவகாரத்தில் நான் தலையிடுவதில்லை.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தால் என் விரலைப் பிடித்து முகர்ந்து பார்ப்பாள். ஆபீசிலேயே சீயக்காய் போட்டுக் கழுவிவிட்டுத்தான் வருவேன். "என்னுங்க, கடுதாசி பாக்கற கையி தலைக்குக் குளிச்சிருக்குது" என்பாள். அரசாங்கக் காகிதமெல்லாம் ஒரே தூசி என்பேன். சிரிப்பாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

பங்குனி பிறந்து நோம்பி சாட்டினார்கள். சாட்டு என்றால் திருவிழா இன்ன நாளில் என்று கோயிலில் பூப்போட்டு ஊருக்கு அறிவிப்பது. அதிலிருந்து நோம்பி முடிகிறவரை எங்கள் ஊரில் ஒரு வீட்டிலும் அடுப்பில் எண்ணெய்ச்சட்டி ஏறாது. கடுகு தாளிக்கக்கூட மாட்டார்கள். ஆத்தா வெயிலோடு வெயிலாக ஊரைச் சுற்றி வருகிற நாள், அவள் கண்ணெதிரே எண்ணெய் கொதிக்கக்கூடாது என்று ஐதீகம். மீறிப் பொரித்ததைத் தின்றவன் காப்புக் கட்டக்கூடாது. காப்புக் கட்டாதவன் குண்டத்துப் பக்கமே வரக்கூடாது. உண்ணாமலையும் சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு இளநீர் விற்கப் போய்விட்டாள்.

மறுநாள் நாலு மணிக்கு நான் சோகமாக உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் சரசரவென்று சத்தம். காளியப்பன். பொட்டலம். எண்ணெய் வழிகிற காகிதம்.

"ஏனப்பா காளியப்பா, ஊருல ஒரு சட்டி ஏறல. இது எங்கிருந்து வருது?"

"செவ்வாப்பேட்டைங்க சார். தங்கச்சி ஊடு. சேலத்துல நோம்பி ஆடியிலதானுங்களே."

"தெனமும் சேலம் போயிட்டு வாரியா?"

"மச்சான் லாரி ஓட்டறாப்லீங்க. போற வழியில குடுத்துட்டுப் போவாப்ல."

பதில் சுத்தமாக இருந்தது. சுத்தமான பதில் எனக்குப் பிடிக்காது. ஆனால் பொட்டலம் கையில் இருக்கும்போது விசாரணையை நீட்டக்கூடாது. தின்று முடித்த பிறகுதான் இன்னொரு யோசனை வந்தது. வந்ததும் காளியப்பனைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. இதுவரை என் காலுக்கு ஒரு பூட்டு. இப்போது இரண்டு. வடை தின்றால் பிரசர் இறங்காது. ஒருவேளை இறங்கித் தொலைத்தாலும், சாட்டுக்குப் பிறகு பொரித்த வடை தின்ற பாவி நான். எனக்குக் காப்புக் கட்ட முடியாது. ஆத்தாவிடம் மனசுக்குள் ஒரு மன்னிப்பு விண்ணப்பம் போட்டுவிட்டு, இன்னும் மும்முரமாகத் தின்றேன்.

இதற்கிடையில் சில விபரீதங்கள் நடந்துகொண்டிருந்தன. இடுப்பு பெல்ட் தொளதொளவென்று ஆனது. வெயிலில் தோல் இளகியிருக்கிறது என்று, விற்ற கடைக்காரர்மேல் சந்தேகப்பட்டேன். சட்டை பெரிதானது. சலவைக்காரர் வேறு யாருடைய சட்டையையோ மாற்றிக் கொடுத்துவிட்டார் என்று சண்டைக்குப் போனேன். நான் உட்கார்ந்தால் நாற்காலி முனகவில்லை. யாரோ ஆணி அடித்திருக்கிறார்கள் என்று குப்புறக் கவிழ்த்துப் பார்த்தேன். தினமும் வடை தின்கிற மனுஷன் இளைப்பான் என்று எந்த முட்டாள் நினைப்பான்?

காப்புக் கட்டுக்கு முதல் நாள் சௌந்திரம் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். நான் தைரியமாகப் போனேன். டாக்டரம்மா பட்டையைக் கட்டினார். பாதரசத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எடைக் கருவியில் ஏற்றினார். முள் சோம்பேறித்தனமாகப் பாதி வழியில் நின்றுவிட்டது. எடைக் கருவி ரிப்பேர் என்று நான் எடுத்துச் சொன்னேன். அவர் கேட்கவில்லை. பிரசர் நன்றாக இறங்கிவிட்டது, எப்படிச் சாதித்தீர்கள் என்று விசாரித்தார். சௌந்திரம் அங்கேயே கைகூப்பி, கோயில் இருக்கிற திக்கைப் பார்த்துக் கும்பிட்டாள்.

அன்று சாயங்காலமே மஞ்சள் நனைத்த வேட்டி கொடியில் காய்ந்தது. அதைப் பார்க்கப் பார்க்க என் உள்ளங்கால் அரித்தது. ஆனாலும் கலங்கவில்லை. இரண்டாவது பூட்டு இருக்கிறதே.

மறுநாள் காலை கோயிலுக்கு முன்னால் ஊர் கூடியிருந்தது. பூ மிதிக்கிறவர்கள் மஞ்சள் வேட்டியோடு வரிசையாக நின்றார்கள். நானும் நின்றேன். புது பி.டி.ஓ. என்ற மரியாதைக்கு அருணகிரிக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அவர் முன்னால் உண்மையைச் சொன்னால் ஆபீசில் என் மானம் போகும். மானத்தையும் பாதத்தையும் தராசில் வைத்துப் பார்த்தேன். மெமோ வந்தால் பதில் எழுதிக்கொள்ளலாம். நெருப்புக்கு என்ன பதில் எழுதுவது?

பூசாரி செங்கோட்டையன் மஞ்சள் கயிற்றோடு என்னிடம் வந்தார். நான் கையை இழுத்துக்கொண்டேன்.

"எனக்குக் காப்புக் கட்டாதீங்க பூசாரி. நான் சுத்தமில்ல."

"ஏஞ் சாமி?"

"சாட்டுக்கு அப்புறம் வடை தின்னுட்டேன். எண்ணெயில பொரிச்ச வடை. தெனமும்."

பம்பை அடித்துக்கொண்டிருந்தவர் கை அப்படியே நின்றது. அருணகிரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். நான் முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு, பறிமுதல் செய்த கதையை முழுக்கச் சொன்னேன். சொல்லச் சொல்ல உள்ளங்கால் இரண்டும் ஐஸ் வைத்தமாதிரி குளிர்ந்தது. பூசாரி ஓர் அடி பின்னால் நகர்ந்தார். அப்பாடா என்று இருந்தது.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு சௌந்திரம் வந்தாள். கையில் ஒரு தூக்குப்போசி. அவளுக்குப் பின்னால் காளியப்பன், தரையைப் பார்த்துக்கொண்டு.

"அவரு பொரிச்சது எதையும் திங்கலீங்க பூசாரி" என்றாள். "தின்னது அத்தனையும் நான் செஞ்சதுங்க. கொள்ளை ஊறவெச்சு ஆட்டி, முருங்கத்தழை போட்டு, இட்லிச் சட்டியில வேகவெச்சு, வெறும் மண்ணோட்டுல வாட்டி எடுத்தது. எண்ணெய்ச்சட்டி எங்கூட்டு அடுப்புல ஏறவே இல்லீங்க."

நான் காளியப்பனைப் பார்த்தேன். அவன் தலையைச் சொறிந்தான்.

"என் வடைய நீங்க பறிச்சுத் தின்னதும் உங்கூட்டு அம்மாகிட்டப் போயி அழுதேனுங்க சார். அம்மாதான் இனிமேட்டுக்கு இதைக் கொண்டுபோயி அகப்படுன்னு சொன்னாங்க. தட்டுல வெச்சாத் திங்க மாட்டாரு, பறிச்சாத்தான் திம்பாருன்னாங்க."

"எண்ணெய் வழிஞ்சுதே" என்றேன்.

"காயிதத்துக்குத்தானுங்க தடவினேன். அந்தச் சோதனைய நீங்கதான எனக்குச் சொல்லிக்குடுத்தீங்க" என்றாள் சௌந்திரம்.

நான் விடவில்லை. பொம்பளை புருஷனைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாள், பாவம், இதை நம்பாதீர்கள் என்று பூசாரியிடம் மன்றாடினேன். அதற்கும் அவள் தயாராக வந்திருந்தாள். முந்தானை முடிச்சிலிருந்து டைப் அடிக்கிற மெல்லிய தாள் ஒன்றை எடுத்தாள். தூக்குப்போசியிலிருந்து, காகிதம் சுற்றாத வடை ஒன்றை எடுத்தாள்.

"ஆபீசு முறைப்படியே பாத்துப்போடலாங்க."

வடையைத் தாளில் அழுத்தி எடுத்தாள். வட்டமாகக் கறை விழுந்தது. எனக்கு உயிர் வந்தது. கறை, கறை என்று பூசாரிக்குக் காட்டினேன். அவள் தாளை வெயிலில் பிடித்தாள். ஊரே அண்ணாந்து பார்த்தது. என் வாழ்க்கையில் ஒரு கறை நிலைத்து நிற்க வேண்டும் என்று நான் சாமி கும்பிட்டது அன்றைக்கு மட்டும்தான். பங்குனி வெயில். ஓரத்திலிருந்து காய்ந்துகொண்டே வந்தது. நடுவில் ஒரு மிளகு அளவுக்கு நின்றது. அதுவும் மறைந்தது. வெள்ளைத் தாள்.

"ஈரம் காஞ்சிரும், எண்ணெய் காயாது" என்று பின்னாலிருந்து ராசப்பன் குரல் கேட்டது. என் குரலை மாதிரியே சொன்னார்.

காகிதத்தில் தடவின பச்சை எண்ணெய் வடையில் ஒட்டியிருக்குமே என்று கடைசியாக ஒரு சட்டப்பிரச்சினையைக் கிளப்பினேன். அடுப்பில் சட்டி ஏறினால்தான் குற்றம், ஒட்டினது தட்டினதுக்கெல்லாம் ஆத்தா கணக்குப் பார்க்கமாட்டாள் என்று பூசாரி தீர்ப்புச் சொன்னார். அருணகிரி நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். அப்படியானால் காம்பவுண்டுக்குள் பொரித்த பண்டம் வரவில்லை, உத்தரவும் மீறப்படவில்லை, நாச்சிமுத்து நம் ஆபீசுக்கே முன்மாதிரி என்று என் கையைக் குலுக்கினார். குலுக்கின அதே கையில் பூசாரி காப்பைக் கட்டினார். பம்பை முழங்கியது.

நான் சௌந்திரத்தின் காதோரம் குனிந்தேன்.

"எருமைக்கின்னு சொன்னியே புள்ள."

"நான் எப்பங்க மாமா பொய் சொல்லியிருக்கேன்?"

பூமிதி அன்று நான் குண்டத்தில் நடந்தேன் என்று சொல்லமாட்டேன். இந்தக் கரையில் இருந்தேன், அந்தக் கரையில் இருந்தேன். நடுவில் நடந்ததற்குச் சாட்சி இல்லை. பாதம் பட்டதா, பூப் பட்டதா என்று எனக்கே தெரியாது. எனக்கு முன்னால் போன இரண்டு பேரை நான் தாண்டிக்கொண்டு போனதாக ராசப்பன் இன்றைக்கும் சொல்லுவார். என்ன பக்தி, என்ன வேகம் என்று ஊர்ச்சனம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. பழைய உடம்பாக இருந்திருந்தால் நடுவிலேயே நின்றிருப்பேன் என்பது மட்டும் நிஜம்.

எதிர்க்கரையில், பால் ஊற்றி ஈரமாக்கின மண்ணில், நான் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றேன். சௌந்திரம் தூக்குப்போசியோடு வந்தாள். மூடியைத் திறந்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"இந்தாங்க மாமா, பறிமுதல் பண்ணிக்குங்க."